இடப்பக்கத்துக் கரகரப்பு

வலப்பக்கம் வந்து உட்காருங்கள் சார். அங்கே காற்று வராது. இல்லை, பொய் எதற்கு, காற்று அங்கேயும் வரும். இடப்பக்கம் இருந்து நீங்கள் பேசினால் எனக்குப் பிடிபடுவதில்லை. இரண்டு மாதமாக இப்படி. இரண்டு இல்லை, மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு உள்ளே காது மெஷின் மாட்டிப் பார்க்கிறார்கள் என்று அந்த நர்ஸ் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். நல்லது. எனக்கும் நேரம் இருக்கிறது. என் டோக்கன் இருபத்தேழு. காலையில் பதினான்குதான் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள், அவளோடு மாற்றிக்கொண்டேன். அவளிடம் வாங்கிய இருபதை ஒரு காலேஜ் பெண்ணிடம் மாற்றினேன். எனக்கு என்ன அவசரம், ரிட்டயர் ஆனவன்.

என்ன தொந்தரவு என்றா கேட்கிறீர்கள்? எனக்கு ஒன்றும் இல்லை சார். ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. பெட்டியில் இருந்த பழுதை நான் எடுத்துவிட்டேன். ஆனால் பழுது போகவில்லை. முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததாகவும் இருக்கும்.

என் பெயர் குஞ்சிதபாதம். இதே திருச்சியில், காவிரிக் கரை பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருடம் மோட்டார் ஓட்டினேன். படித்தது பத்தாவது. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் வேலையெல்லாம் நானாகப் பழகியது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகம், பக்கத்தில் ஒரு அகராதி, அவ்வளவுதான் என் வாத்தியார்கள். பம்ப் ஹவுஸில் ஒரு மோட்டாரின் பேரிங் போகப்போகிறது என்றால், மீட்டர் காட்டுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்க வேண்டும். உள்ளே குண்டு உருள்வது தெரியும். எஞ்சினியர்களே ஆள் அனுப்புவார்கள், "பாதத்த வரச் சொல்லுப்பா, காத வச்சுப் பாக்கட்டும்" என்று. அப்படிப்பட்ட காது. எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட காது சார் இது.

பெட்டி இன்னாசிமுத்துவுடையது. இன்னாசி பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவன், என் வயதுக்காரன், முப்பது வருடப் பழக்கம். அவன் மகன் மஸ்கட்டில் இருந்து ஒரு டி.ஏ.சி. வாங்கி அனுப்பியிருந்தான். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்ணாகத்தானே இருக்கிறது? அந்த எண்களை வாங்கி, மின் அலையாக மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டி. அது இல்லாவிட்டால் எண் எண்ணாகவே இருக்கும், பாட்டாகாது.

தவக்காலம் தொடங்கிய வாரம் அதை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தான்.

"வயலின் மேல ஏறும்போதெல்லாம் பழைய வேட்டியக் கிழிக்கிற மாதிரி இருக்குய்யா. தவக்காலம் முடியற வரைக்கும் பாட்டு கேக்க மாட்டேன்னு நேர்ந்துக்கிட்டேன். அது இதுக்கும் தெரிஞ்சுபோச்சு போல. ஈஸ்டருக்குள்ள சரி பண்ணிக் குடுத்துரு."

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் வயரை மாற்றினேன். பிறகு அதே வயலினை வேறு பெட்டியில் போட்டுக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. ஆக, பாட்டில் குற்றமில்லை, பெட்டியில்தான். மூடியைக் கழற்றினேன். என்னிடம் ஒரு ஆசிலோஸ்கோப் இருக்கிறது, ஒரு பாலிடெக்னிக்கில் கழித்துக் கட்டியதை எடுத்துவந்தது. மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். பெட்டிக்குள் ஒரே சுருதியில் விசில் மாதிரி ஒரு சத்தத்தை அனுப்பி, வெளியே வருவதைப் பார்த்தேன். அலையின் மேல்பாதி நல்ல உருண்டை. கீழ்ப்பாதி, கத்தி வைத்துச் சீவியது போலத் தட்டை.

அப்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது சார். மேலே போக ஒரு மின்சாரம், கீழே போக ஒரு மின்சாரம் என்று உள்ளே இரண்டு இருக்கும். மல்டிமீட்டரை வைத்தேன். மேலே பன்னிரண்டு வோல்ட், சரி. கீழேயும் பன்னிரண்டு இருக்க வேண்டும். ஏழு இருந்தது. அலை இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்க முடியாமல் தரையில் முட்டுகிறது. அந்த முட்டல்தான் கிழிசல். தேடினால் ஒரு கண்டென்சர், தலை உப்பி, காய்ந்துபோய் நிற்கிறது. மறுநாள் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் புதிது வாங்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பன்னிரண்டு வோல்ட் வந்துவிட்டது. திரையில் மேலும் உருண்டை, கீழும் உருண்டை. முட்டைக் கரு மாதிரி.

அப்போது மாலை நான்கு மணி. காபி போட்டு வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர்களுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வயலினை வைத்தேன்.

வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம் கரகரக்கிறது.

பழைய கிழிசல் இல்லை, அது போய்விட்டது. இது மெலிசு. முறத்தில் அரிசியைத் தள்ளுவது மாதிரி, வயலினுக்குப் பின்னால் ஓரமாக. சரி, ஒரு பழுது இன்னொன்றை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, இதெல்லாம் சகஜம். பம்ப் ஹவுஸில் எத்தனை பார்த்திருக்கிறேன். இடப்பக்கத்து ஐ.சி.யை மாற்றினேன். கரகரப்பு இருந்தது. இடப்பக்கத்துக் கண்டென்சர்கள் அத்தனையும் மாற்றினேன். இருந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டை. ஸ்கோப் பழசு, அதை நம்ப முடியுமா?

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. எந்தப் பக்கம் பழுது என்று தெரியாவிட்டால் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போடு. பழுது கூடவே இடம் மாறினால் அதற்கு முன்னால் இருப்பதில் குற்றம். மாறாமல் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பதில் குற்றம். குழந்தை கூடச் செய்யலாம். பெட்டியின் வயர்களை மாற்றினேன். கரகரப்பு இடப்பக்கமே நின்றது. ஆக, பெட்டி இல்லை. ஆம்ப்ளிஃபயரில் மாற்றினேன். இடப்பக்கமே நின்றது. ஆக, ஸ்பீக்கர். இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கி, இதை அங்கே, அதை இங்கே வைத்தேன். இடப்பக்கமே நின்றது.

அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை சார். ஸ்பீக்கருக்குப் பின்னால் மாற்றிப் போட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. என் வீட்டுக்காரி கோமளத்துக்கும் இப்படித்தான் தேடினேன். எட்டு வருடம் ஆகிறது. வலது காதில் கொய்ங் என்கிறது, அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். வீட்டில் எது சத்தம் போட்டாலும் நான் விடுவேனா? முதலில் சீலிங் ஃபேனைக் கழற்றி பேரிங் மாற்றினேன். "இன்னும் கேக்குதுங்க" என்றாள். ஃப்ரிட்ஜைச் சுவரை விட்டுத் தள்ளி, அடியில் ரப்பர் வைத்தேன். "இன்னும் கேக்குதுங்க." டிவி ஸ்பீக்கரைப் பிரித்தேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரைகிறதோ என்று மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைன்மேனை வரவழைத்தேன். அவள் கடைசியில், "போதும் விடுங்க, பழகிப்போச்சு" என்றாள். நான் விடவில்லை. ஐந்து மாதம். ஐந்து மாதமும் ஒரு நாள் விடாமல் தேடினேன். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதில் ஒன்றுமே இல்லை, மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே வளர்ந்திருக்கிறது என்றார்கள். அங்கே வளர்ந்தால் காதில் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் கவனிக்காமல் இருந்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. என் மகள் கூடச் சொன்னதில்லை.

எங்கே விட்டேன்? ஸ்பீக்கர்.

ஈஸ்டர் வந்தது. இன்னாசி வந்தான். வயலினைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"கண்ணாடி மாதிரி இருக்குய்யா. குடு."

"எடப்பக்கம் கரகரங்குது, கேக்கல?"

"இல்லையே."

"உனக்கு ரயில்வே காது. முப்பது வருஷம் சம்மட்டி அடி கேட்ட காது. அதுல எதுவும் ஏறாது."

"என் பெட்டி, என் காது. எனக்கு நல்லாக் கேட்டாப் போதாதா?"

"பழுதுள்ள சாமான நான் வெளிய விடறதில்ல."

"பழுதில்லாத சாமான வீட்டுல பூட்டி வச்சா அது மட்டும் நியாயமா? போலீஸ்ல எழுதிக் குடுக்கட்டுமா, டி.ஏ.சி.யக் காணோம்னு? டி.ஏ.சி.ன்னா என்னன்னு அவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கவே ஒரு நாள் ஆவும்."

சிரித்துக்கொண்டுதான் போனான். பெட்டியை நான் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். வயலின் ஓடிக்கொண்டிருந்தது. நான் இதுவரை செய்த மாற்றங்களை நோட்டில் எழுதலாம் என்று நாற்காலியை அப்படியே திருப்பி, பின்பக்கம் இருந்த மேசைப் பக்கம் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர்கள் இப்போது என் முதுகுக்குப் பின்னால். இரண்டு வரி எழுதியிருப்பேன்.

கரகரப்பு ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கரில் இருந்து வந்தது.

ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர் வலது சார். இத்தனை வாரமாகச் சுத்தமாக இருந்த ஸ்பீக்கர். நான் ஒரு வயரையும் தொடவில்லை. நாற்காலியை மட்டும்தான் திருப்பினேன். திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தேன், கரகரப்பு சுவர்ப் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. மறுபடியும் மேசைப் பக்கம் திரும்பினேன், ஜன்னல் பக்கம் வந்துவிட்டது. நான்கு தடவை திரும்பினேன். நான்கு தடவையும் அது என்னோடு திரும்பியது.

பயந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயன் சூடாக இருந்தது, அதை அதன் வளையத்தில் வைக்கப் போனேன், வளையத்துக்குள் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அயனைத் தரையிலேயே போட்டேன். மொசைக்கில் ஒரு கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. வடித்த சோறு மூடியபடி அப்படியே இருந்தது. மூன்று மணிக்கு மகள் போன் பண்ணினாள், ஒசூரில் இருக்கிறாள். "ஏன்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "பெட்டி ஒண்ணு படுத்துதும்மா" என்றேன். அது உண்மைதானே.

மறுநாள் காலையில் எனக்கே விடை தெரிந்துவிட்டது. அறை. அறைதான் காரணம். கோமளத்தின் ஸ்டீல் பீரோ ஒன்று மூலையில் நிற்கிறது. நான் திரும்பும்போது அதில் பட்டு வருகிற சத்தமும் திரும்பும் இல்லையா? பீரோ அதிரும் சார், நிஜமாகவே அதிரும். தனியாளாக அதை இழுத்துக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரில் ஜமக்காளம் தொங்கவிட்டேன். ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்தேன். அறையே பந்தல் போட்ட வீடு மாதிரி ஆகிவிட்டது. கரகரப்பு போகவில்லை. கொஞ்சம் குறைந்தது என்று நோட்டில் எழுதி வைத்தேன். குறையவில்லை. எழுதி வைத்தேன்.

போன சனிக்கிழமை இன்னாசி வந்து ஜமக்காளத்தைப் பார்த்தான், பீரோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் செய்ததையெல்லாம் சொல்லச் சொன்னான். சொன்னேன். நாற்காலி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"ஹெட்ஃபோன் வச்சிருக்கியே, மாட்டிக் கேளு" என்றான். "அப்புறம் எடத்த வலத்துல, வலத்த எடத்துல திருப்பி மாட்டிக் கேளு. ரெண்டு நிமிஷ வேல. மாத்திப் போட்டுப் பாக்கறதுதானய்யா ஓன் தொழிலு?"

"தலையில மாட்டினா எனக்கு வேர்க்கும்."

"வேர்த்தாத் தொடச்சுக்க."

"அதோட வயர் சரியில்ல."

அதன் வயர் நன்றாகத்தான் இருக்கிறது. மேசை இழுப்பறையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அவன் என் வலப்பக்கம் வந்து நின்றான். பிறகு சொன்னான். "மூணு மாசமா உன் எடப்பக்கம் நின்னு நான் என்ன சொன்னாலும் நீ பதில் சொல்றதில்ல, பாதம். ஈஸ்டருக்கு அப்புறம் பெட்டியக் கேட்ட கோவமோன்னு நெனச்சேன். இப்பக்கூட ரெண்டு தடவ கூப்பிட்டுட்டுத்தான் இந்தப் பக்கம் வந்து நிக்கிறேன்."

நான் பெட்டியின் மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினேன். நான்கு திருகாணி. அவன் பையில் வைத்துக் கொடுத்தேன். முதல் தடவையாக, பழுது தீராத சாமான் ஒன்றை என் கையாலேயே வெளியே விட்டேன். அது தீர்ந்த சாமான் என்று அவன் சொல்கிறான்.

இந்த டாக்டரிடம் போன் பண்ணி என்னைப் பற்றிச் சொன்னவன் அவன்தான். கூட வருகிறேன் என்று நேற்றும் சொன்னான். நாளைக்கு என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் என்று தெரிந்தால் திட்டுவான். அவன் வந்தால் உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பான், அப்புறம் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும். அது ஒரு பக்கம்.

டாக்டருக்குக் கொடுக்க ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தச் சுருதியில் அதிகம், எதை மாற்றினேன், எது மாறவில்லை. மொத்தம் ஏழு குறிப்பு இருக்கிறது. டாக்டர்களுக்கு இப்படி யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். கோமளத்துக்கு நான் இப்படி எழுதிக்கொண்டு போகவில்லை. அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டுத்தான் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். நான் திரும்பி உள்ளே போய், "சளி கட்டியிருக்காம், கரைச்சிடுவாங்களாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயம் வரக்கூடாது என்றுதான் சொன்னேன். கடைசி வரைக்கும் சளி என்றே நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

எட்டாவதாக ஒன்று இருக்கிறது சார். அதை எழுதவில்லை. பத்து நாளாகக் காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கொஞ்சம் சிவப்பாக வருகிறது. நிறைய இல்லை, நூல் மாதிரி. சித்திரை வெயில், சூடு, வேறு என்ன. இன்னாசியிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. தாளில் எட்டு என்று நம்பர் போட்டேன், போட்டுவிட்டு அடித்துவிட்டேன், இதோ அடித்தது தெரிகிறது. யாரிடமும் சொல்லாததை உங்களிடம் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உங்களை எனக்குத் தெரியாது என்பதாலோ என்னவோ.

என்ன? இருபத்தேழா? கூப்பிட்டார்களா? நீங்கள் போகிறீர்களா, உங்கள் நம்பர் என்ன? ஓ, உங்களுக்கு டோக்கன் இல்லை, அம்மாவுக்காக வந்தவர்.

இல்லை, இந்தத் தடவை மாற்றிக் கொடுக்க மாட்டேன். எழுந்துவிட்டேன், பாருங்கள்.

உங்கள் அம்மா வர இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு நிமிடம் என்னோடு உள்ளே வாருங்கள் சார். சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள். நான் நன்றாகத்தான் பேசுவேன். பெட்டியைச் சொல்வேன், ஏழு வோல்ட்டைச் சொல்வேன், ஸ்பீக்கர், நாற்காலி எல்லாம் சொல்வேன். ஏழாவது முடிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அப்போது நீங்கள் சொல்லிவிடுங்கள்.